தாப்பாவ்: சாப்பாட்டைக் கட்டி எடுத்துப்போகும் சீனச் சொல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ வேலைக்கு வருகிறவர்களும், ஹாங்காங்கிலும் சீனாவிலும் சரக்கெடுக்கப் போகிறவர்களும், படிக்கப் போகும் பிள்ளைகளும் முதல் வாரத்திலேயே காதில் வாங்கும் சொல் இது. கடைக்காரர் முகத்தைப் பார்த்து ஒரே மூச்சில் கேட்பார், புதியவர் விழிப்பார். அப்படி விழித்தவர்கள் பின்னால் கேட்கும் கேள்விகளும், அவற்றுக்கான பதில்களும்.

தாப்பாவ் என்றால் என்ன?

நம்மூரில் பார்சல் என்கிறோமே, அதுதான். உட்காராமல் கட்டி வாங்கிப் போவதும் தாப்பாவ், உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மீந்ததைக் கட்டி வாங்கிப் போவதும் தாப்பாவ்.

சீனத்தில் இது இரண்டெழுத்துச் சொல். 'தா' என்றால் நேர்ப்பொருள் அடிப்பது. ஆனால் தமிழில் ஃபோன் அடிக்கிறோம், பெயின்ட் அடிக்கிறோம், அரட்டை அடிக்கிறோம் அல்லவா? சீனர்களும் இந்த 'தா'வை எதற்கும் ஒட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் ஃபோனையும் அடிக்கிறார்கள், கம்பளிச் சட்டை பின்னுவதையும் 'அடிக்கிறார்கள்'. 'பாவ்' என்பது பொதி, பொட்டலம். ஆவியில் வெந்து வெள்ளை வெளேரென்று வரும் உருண்டை ரொட்டியை மலேசியாவில் பாவ் என்கிறார்களே, அதுவும் இதே எழுத்துதான். மாவுக்குள் பூரணத்தைப் பொதிந்தது. ஆக, 'பொட்டலம் அடி' என்பதே தாப்பாவ்.

எப்படி உச்சரிப்பது? ஒவ்வொரு பலகையிலும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கிறதே?

ஆங்கில எழுத்தில் சிலர் 'டாக்டர்' என்பதன் முதலெழுத்தைப் போட்டு எழுதுவார்கள், சிலர் 'டீச்சர்' என்பதன் முதலெழுத்தைப் போடுவார்கள். இரண்டும் ஒரே சொல். முதல் வகை, சீனத்தின் பொதுமொழியான மண்டரினை ரோமன் எழுத்தில் எழுத மக்கள் சீனம் வகுத்த முறையைப் பின்பற்றுவது. இரண்டாவது, ஹாங்காங் பக்கத்துக் கான்டனீஸ் பேச்சைக் காதில் கேட்டு எழுதியது. மலேசியாவில் இரண்டாவதுதான் செல்லும்.

ஒலியைப் பொறுத்தவரை தமிழ் வாய்க்கு இது சுலபம். 'தப்பு' என்று சொல்லும்போது வருகிற தகரமும் பகரமும்தான் சீன ஒலிக்கு நெருக்கம். மூச்சை ஊதவும் வேண்டாம், தொண்டையை அதிரவைக்கவும் வேண்டாம். மலேசியத் தமிழர் பேச்சில் இது 'தப்பாவ்' என்றே குறுகிவிடும். "ரெண்டு தப்பாவ்" என்று யாராவது சொன்னால் யாரும் இரண்டு தப்புப் பண்ணிவிடவில்லை.

மண்டரினில் முதல் அசையைத் தாழ்த்தி, இரண்டாவதை உயரத்தில் நீட்ட வேண்டும். தொனி தவறினாலும் கவலையில்லை. சோற்றுக்கடை வாசலில் கையில் காசோடு நிற்பவர் வேறு எதைக் கேட்கப் போகிறார்?

சரி, மிச்சத்தைக் கட்டுவதா, புதிதாகப் பார்சல் வாங்குவதா? எங்கே எது?

குழப்பம் எல்லாம் இங்கேதான். ஒரே சொல்லை ஊருக்கு ஊர் வேறு வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தயக்கமே வேண்டாம், இரண்டுக்கும் தாப்பாவ்தான். உணவங்காடியில் வரிசையில் நிற்கும்போது சொன்னால் புதிதாகக் கட்டித் தருவார்கள். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் காட்டிச் சொன்னால் மீந்ததைக் கட்டப் பெட்டி தருவார்கள்.

சீனப் பெருநிலத்திலும் இரண்டு பொருளும் உண்டு. ஆனால் மேசை போட்டுப் பரிமாறும் உணவகத்தில் அந்தச் சொல்லைச் சொன்னால் மீந்ததைக் கட்டச் சொல்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். காப்பிக்கடை, துரித உணவுக் கடைகளின் கல்லாவில் 'தாய்ஸோ' என்று கேட்பார்கள். எடுத்துப் போவது என்று பொருள். அங்கேயே சாப்பிடுவதற்கு எழுத்தில் 'தாங்ஷி'. செயலிகளில் பொத்தானாகவே அது இருக்கும்.

தைவானில் புதிதாக வாங்கிப் போவது 'வாய்தாய்'. தாப்பாவ் என்றால் பெரும்பாலும் மேசையில் மீந்தது. தைப்பேயில் கடைக்குள் நுழைந்த உடனே தாப்பாவ் என்று சொன்னாலும் புரிந்துகொள்வார்கள், ஆனால் நீங்கள் வேறு ஊர் என்று தெரிந்துவிடும்.

ஹாங்காங்தான் சுவாரசியம். அங்கே வாங்கிப் போவது 'ஙோய்மாய்', அதாவது வெளியே விற்பது. மீந்ததைக் கட்டுவதற்கு மட்டும் தாப்பாவ். ஆனால் அந்த ஊரின் தேநீர்க்கடைகளில், சா ச்சான் தெங் என்று அவர்கள் சொல்லும் அவசரக் கடைகளில், பணியாளர்கள் உள்ளே கத்துவது இரண்டும் இல்லை. 'ஹாங் காய்' என்பார்கள். தெருவில் நடப்பது, ஊர்சுற்றுவது என்று பொருள். "குளிர்ந்த எலுமிச்சைத் தேநீர், ஊர்சுற்றப் போகுது!" என்றால் அது பார்சல். இந்தக் கடைகளுக்கென்று ஒரு தனி பாஷையே உண்டு. வெள்ளைச் சோற்றுக்கு 'அழகான பையன்' என்று பெயர். காப்பியில் சீனியும் பாலும் வேண்டாம் என்பதற்கு 'மணல் பறக்கட்டும், பால் ஓடட்டும்' என்கிற அர்த்தத்தில் நாலெழுத்து வாய்பாடு. கேட்கக் கேட்கத் தீராது.

இது சீனமா, ஆங்கிலமா?

பிறப்பால் சீனம், இப்போது இரண்டும். சிங்கப்பூர், மலேசிய ஆங்கிலத்தில் இதை முழு வினைச்சொல்லாக வைத்து இழுக்கிறார்கள். இறந்தகாலம் வேண்டுமானால் 'தாப்பாவ்ட்', நிகழ்காலம் வேண்டுமானால் 'தாப்பாவிங்'. 2025 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி, மலேசிய சிங்கப்பூர் ஆங்கிலச் சொற்கள் என்று ஒரு தொகுதியைச் சேர்த்துக்கொண்டபோது, மலேசிய எழுத்துக்கூட்டலில் இதையும் உள்ளே எடுத்தது. 'ஐயையோ' என்பதுபோல அங்கே சொல்லும் 'அலாமாக்'கும் அந்தக் கூட்டத்தில்தான் வந்தது. இதற்கு முன்பே 2018இல் ஹாங்காங்கின் 'ஆட் ஆயில்' அந்த அகராதியில் ஏறிவிட்டது; சீனர்கள் 'எண்ணெய் ஊற்று' என்று சொல்லி ஊக்கப்படுத்துவதை அப்படியே ஆங்கிலமாக்கியது.

சொல்லைவிட வாக்கியம்தான் எனக்குப் பிடித்தது. சிங்கப்பூரில் அலுவலகத் தோழர் ஒருவர், "ஹெல்ப் மீ தாப்பாவ் ஒன் சிக்கன் ரைஸ்" என்பார். புதியவர்கள், இவருக்கு உதவி எதற்கு என்று யோசிப்பார்கள். மண்டரினில் ஒருவருக்காக ஒன்றைச் செய்வதை 'பாங் வோ' என்று தொடங்குவது வழக்கம். 'எனக்கு உதவி' என்று சொல்லுக்குச் சொல் மாறி ஆங்கிலத்தில் உட்கார்ந்துவிட்டது. அவர் சொல்வது இவ்வளவுதான்: நீ போகிற வழியில் எனக்கும் ஒரு கோழிச்சோறு வாங்கிக்கொண்டு வா. வாங்கி வந்ததும் காசைத் தருவார். அதுபோல கடைக்காரர் "ஹேவிங் ஹியர்?" என்று மொட்டையாகக் கேட்டால், இங்கேயே சாப்பிடுகிறீர்களா என்று அர்த்தம். இதைப் பிழையான ஆங்கிலம் என்று சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. வரிசையில் இருபது பேர் நிற்கும்போது இதைவிடச் சுருக்கமாகக் கேட்டுவிட முடியுமா என்று அவர்கள் முயன்று பார்க்கலாம்.

மலாய்க் கடையிலும் இதையே சொல்லலாமா?

சொல்லலாம், புரியும். அவர்கள் சொல் 'புங்குஸ்'. பொதிவது என்றே பொருள். மலேசியாவில் பானம் வாங்கினால் இன்னொரு கேள்வியும் வரும். தேநீரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஒரு மூலையில் மட்டும் கயிற்றால் கட்டி, உறிஞ்சுகுழலைச் செருகித் தருவது 'இக்காட் தெப்பி', ஓரக்கட்டு. வாயை முழுக்க முடிச்சுப் போட்டுத் தருவது 'இக்காட் மாத்தி', செத்த கட்டு. நடந்துகொண்டே குடிக்க ஓரக்கட்டு, வீட்டுக்கு எடுத்துப் போக செத்த கட்டு. பிளாஸ்டிக் பைக்கு முந்திய காலத்தில் காப்பிக் கடைகள், காலியான பால்டின்னில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்து அதில் காப்பி ஊற்றிக் கொடுத்தன.

அங்குள்ள தமிழர்கள் என்ன சொல்கிறார்கள்?

எல்லாவற்றையும். சிங்கப்பூரில் பேக் பண்ணுங்க, பாக்கெட் போடுங்க, தாப்பாவ் பண்ணுங்க என்று ஒரே வீட்டில் மூன்றும் கேட்கும். மலேசியாவில் பொங்குஸ் (அந்தப் புங்குஸ்தான்), தப்பாவ் இரண்டும் வீட்டுத் தமிழ் ஆகிவிட்டன. "அண்ணே, ரெண்டு ரொட்டி சானாய் பொங்குஸ், குழம்பு தனியா" என்பது மாமாக் கடையில் எந்நேரமும் கேட்கும் வாக்கியம். மாமாக் கடைகள் தமிழ் முஸ்லிம்களுடையவை. பினாங்கின் நாசி கண்டார் அவர்கள் தந்த சாப்பாடு. தோளில் காவடித் தடி போட்டு இருபுறமும் பானை தொங்கவிட்டு விற்றதால் வந்த பெயர். அதைக் கட்டிக் கொடுப்பது, உள்பக்கம் பிளாஸ்டிக் பூசிய பழுப்புத் தாளில். ஏழெட்டுக் குழம்பையும் ஊற்றிக் கூம்பாக மடித்த அந்தப் பொட்டலம் வீடு போய்ச் சேர்வதற்குள் சோறு ஊறியிருக்கும். தட்டில் சாப்பிடுவதைவிட அதுதான் ருசி என்று வாதாடும் ஆட்களைப் பினாங்கில் பார்க்கலாம். நானும் அந்தக் கட்சி.

இன்னொன்று. வறுத்த குவே தியாவ், ஹொக்கியன் மீ என்ற நூடுல்ஸ் வகைகளைச் சீனர்கள் அந்தக் காலத்தில் 'ஓப்பே' என்ற மட்டையில் மடித்துத் தந்தார்கள். சில கடைகள் இன்றும் தருகின்றன. அது நம் பாக்குமட்டையேதான். சூடான நூடுல்ஸ் பட்டதும் மட்டை லேசாக மணக்கும். அந்த மணத்துக்காகவே கூடுதல் காசு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பெரிய உணவகத்தில் மீந்ததைக் கட்டச் சொன்னால் கேவலமாக நினைப்பார்களா?

சீனாவில் ஒரு காலத்தில் நினைத்தார்கள். இப்போது அப்படி நினைப்பவர்தான் கொஞ்சம் வெட்கப்பட வேண்டும். இந்த மாற்றம் எப்படி வந்தது என்பது கேட்க வேண்டிய கதை.

விருந்துக்கு அழைத்தவரின் மானம் மேசையின் மேல் இருக்கிறது என்பது பழைய கணக்கு. 'மியென்ஸ' என்பார்கள், முகம், அதாவது கௌரவம். தட்டுகள் காலியாகிவிட்டால் விருந்தாளிக்குப் போதவில்லை என்று ஆகிவிடும். அதனால் பத்துப் பேருக்குப் பதினைந்து வகை சொல்லி, முழு மீனில் பாதியை அப்படியே விட்டு எழுந்து போவதே மரியாதை. அப்படி விட்ட மீனை 'கட்டிக் கொடுங்கள்' என்று கேட்டால் அழைத்தவர் கஞ்சன் என்றோ, கேட்டவர் இல்லாதவர் என்றோ ஆகிவிடும். பில் கட்ட ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு சண்டை போடுவதும் இதே கௌரவத்தின் இன்னொரு முகம். நம் கல்யாண வீடுகளில் இலை நிறைய வைத்துவிட்டு "போதும் போதும்" என்பதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

2012 டிசம்பரில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமை, அதிகாரிகளின் ஆடம்பரத்துக்குக் கடிவாளம் போட 'எட்டு விதிகளை'க் கொண்டுவந்தது. அரசுக் காசில் நடந்த விருந்துகள் சுருங்கின. 2013 ஜனவரியில் 'குவாங்பான்' இயக்கம் பரவியது. தட்டைக் காலி செய் என்பது பொருள். அதே ஒலியும் எழுத்தும் கணினியில் போடும் குறுந்தட்டுக்கும் உண்டு என்பதால் சொல் பட்டென்று நாக்கில் ஒட்டிக்கொண்டது. 2018இல் சீன அறிவியல் கழகத்தின் ஆய்வு நிறுவனமும் உலக இயற்கை நிதியமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, நகர உணவகங்களில் ஒரு ஆள் ஒரு வேளைக்குச் சராசரியாக 93 கிராம் உணவை வீணாக்குகிறார் என்றும், 2015இல் மட்டும் அப்படி வீணானது 1.7 முதல் 1.8 கோடி டன் என்றும் கணக்கிட்டது. 2020 ஆகஸ்டில் அதிபர் ஷி ஜின்பிங் மறுபடி இதைப் பேசியதும் வூஹான் நகர உணவகச் சங்கம் ஒரு சூத்திரம் சொன்னது: எத்தனை பேர் வந்தாலும், அதில் ஒன்று குறைத்தே வகைகளைச் சொல்லுங்கள். பத்துப் பேருக்கு ஒன்பது. போதாவிட்டால் பிறகு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்.

இதற்குப் பிறகு தாப்பாவ் என்பது நல்ல பிள்ளை செய்யும் காரியம் ஆகிவிட்டது. பணியாளரே பெட்டியோடு வந்து கேட்பார். ஆனாலும் வியாபார விருந்தில், மேலதிகாரிக்கு முன்னால், பழைய தயக்கம் முழுக்கப் போய்விடவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் விருந்தாளியாகப் போனால் நீங்களாகக் கேட்காதீர்கள். அழைத்தவர் வாயைத் திறக்கட்டும். மீந்தது முதலில் அவருக்கு உரியது, அவர் நீட்டினால் வாங்கிக்கொள்ளலாம். மற்றவர்கள் இன்னும் குச்சியைக் கீழே வைக்காதபோது பெட்டியைத் திறப்பது எந்த ஊரிலும் அழகில்லை.

மிச்சம் வைத்தால் சீனாவில் அபராதம் என்கிறார்களே?

வாட்ஸாப்பில் வந்தது போலில்லை. 2021 ஏப்ரல் 29 அன்று உணவு வீணாக்கலுக்கு எதிரான சட்டம் வந்தது, அன்றே அமலுக்கும் வந்தது. அதில் அபராதம் பெரும்பாலும் கடைகளுக்குத்தான். வாடிக்கையாளரைத் தூண்டி அளவுக்கு மீறி வாங்கவைக்கும் கடைக்கு முதலில் எச்சரிக்கை, திருந்தாவிட்டால் 1,000 முதல் 10,000 யுவான் வரை அபராதம். வயிறு வெடிக்கத் தின்று காட்டும் காணொளிகளைத் தயாரித்துப் பரப்பும் நிறுவனங்களுக்கு 10,000 முதல் 1,00,000 யுவான் வரை. சாப்பிட வந்தவர் கண்கூடாக வீணடித்தால், கழிவை அகற்றும் செலவை அவரிடம் வசூலிக்கக் கடைக்கு அனுமதி உண்டு. அதற்கான கட்டணத்தை முன்கூட்டியே பார்வையில் வைக்க வேண்டும். அரை இட்லியை விட்டால் போலீஸ் வராது.

சீனக் கல்யாண விருந்தில் கட்டி எடுத்து வரலாமா?

சிங்கப்பூர், மலேசியச் சீனக் கல்யாணங்களில் மேசைக்குப் பத்துப் பேர், எட்டு முதல் பத்து வகை, ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடைசியில் வரும் சோறோ நூடுல்ஸோ பெரும்பாலும் தொடப்படாமல் கிடக்கும். அந்த நேரத்தில் மேசைக்கு ஒரு ஆன்ட்டி தவறாமல் எழுந்து, பணியாளரிடம் பையோ பெட்டியோ வாங்கி, "யாருக்கு வேணும்? யாருக்கு வேணும்?" என்று கேட்டபடி பங்கு போடுவார். அவர் நீட்டுவதை மறுக்காமல் வாங்கிக்கொள்வதே உத்தமம். சீனக் கிராமங்களில் இது எல்லை மீறுவதும் உண்டு: தட்டு மேசைக்கு வந்ததும் மற்றவர் எடுக்கும் முன்பே பையில் கவிழ்க்கும் பாட்டிகளின் காணொளிகள் அங்கே வருடாவருடம் சுற்றுகின்றன. கீழே வரும் கருத்துகளில் ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போடும்.

பஃபேயில்?

கூடாது. அநேகமாக எந்த ஊரிலும் கூடாது.

எதைக் கட்டலாம், எதை அங்கேயே முடித்துவிட வேண்டும்?

சூப் நூடுல்ஸைச் சேர்த்துக் கட்டினால் வீட்டில் திறக்கும்போது சூப் இருக்காது, நூடுல்ஸ் குடித்திருக்கும். "தாங் ஃபென்காய்" என்று சொல்லுங்கள், சூப்பைத் தனியாகக் கட்டுவார்கள். நல்ல கடைக்காரர் நீங்கள் சொல்லாமலே செய்வார். கோழிச்சோறு தாப்பாவுக்கென்றே பிறந்தது. மிளகாய்ச் சாறும் இஞ்சி அரைப்பும் தனித்தனிக் குட்டிப் பையில் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பொரித்த எதுவும் மூடிய பெட்டிக்குள் தன் ஆவியிலேயே நமத்துப் போகும், மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்துக் கொண்டுபோகலாம். ஆவியில் வேகும் மெல்லிய தோல் பலகாரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழியும். கீரை வகைகளைக் கட்டுவது வீண். அடுத்த வேளைக்குக் கறுத்து, தண்ணீர் விட்டுப் போயிருக்கும்.

பெய்ஜிங்கில் வாத்து வறுவல் சாப்பிடப் போனால் ஒன்றை மறக்காதீர்கள். சதையைச் சீவிப் பரிமாறிய பிறகு எலும்புக்கூட்டை என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். அங்கேயே சூப் வைக்கலாம், உப்பும் மிளகும் போட்டுப் பொரிக்கலாம், அல்லது தாப்பாவ். உள்ளூர்க்காரர்கள் பலர் மூன்றாவதைச் சொல்லி, வீட்டில் முட்டைக்கோசும் தோஃபுவும் போட்டுக் கொதிக்கவைக்கிறார்கள். விடுதி அறையில் அடுப்பில்லாத பயணிக்கு மட்டும் முதலிரண்டு வழி.

கட்டியது எவ்வளவு நேரம் தாங்கும்?

5 பாகைக்கும் 60 பாகை செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூட்டில் சமைத்த உணவை நாலு மணிநேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பது சிங்கப்பூர் உணவு அமைப்பின் அறிவுரை. மேசையில் பரப்பி வைத்திருந்த நேரமும் அந்த நாலில் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒன்றரை மணிநேரம் விருந்து, முக்கால் மணிநேரம் ரயில், வீட்டில் பேச்சு என்று பார்த்தால் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

பொரித்த சோற்றிலும் நூடுல்ஸிலும் கூடுதல் கவனம் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் சமைத்தாலும் சாவதில்லை. சோறு அறைச்சூட்டில் கிடந்தால் முளைத்து நஞ்சைச் சுரக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வீட்டுக்குப் போனதும் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

பெட்டிக்குத் தனிக் காசா?

பெரும்பாலும் ஆம். சிங்கப்பூர் உணவங்காடிகளில் 20, 30 காசு சேர்ப்பார்கள்; பலகையில் எழுதியிருக்கும். சீனாவில் 'தாப்பாவ் ஃபெய்' என்று பில்லில் தனி வரியாக வரும். சொந்தப் பாத்திரம் கொண்டுபோனால் வாங்கிக்கொள்ளும் கடைகள் உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பழைய அடுக்குத் தூக்குக்கு 'திங்காட்' என்று பெயர், அடுக்கு என்றே அர்த்தம். நம்மூர் டிஃபன் கேரியர்தான்.

ஹாங்காங்கில் 2024 ஏப்ரல் 22 முதல் தெர்மோகோல் பெட்டிகளுக்கும், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கரண்டி, முள்கரண்டி, உறிஞ்சுகுழல்களுக்கும் தடை. பார்சலுக்கும் சேர்த்துத்தான். மரக்கரண்டியோ காகிதக் கரண்டியோ தருவார்கள். சூப்பில் போட்டால் அந்தக் காகிதக் கரண்டி படும் பாட்டைப் பற்றி ஹாங்காங்வாசிகளிடம் கேட்காதீர்கள்.

அமெரிக்கப் படங்களில் வரும் கம்பிப்பிடி வைத்த வெள்ளை அட்டைப் பெட்டி எங்கே கிடைக்கும்?

அமெரிக்காவில். அது சீனாவில் பிறந்ததே இல்லை. 1894இல் சிகாகோவைச் சேர்ந்த ஃப்ரெடரிக் வீக்ஸ் வில்காக்ஸ் என்பவர் ஒரே தாளை மடித்துச் செய்யும் வாளிக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த வகை வாளிகளில் அப்போது போனது சிப்பி இறைச்சி. பிறகு அமெரிக்கச் சீன உணவகங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. மேலே இருக்கும் சிவப்புப் பகோடாப் படம் 1970களில் வந்து சேர்ந்தது. பெய்ஜிங்கில் போய்த் தேடினால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டிதான் கிடைக்கும்.

வீட்டுக்கு வரவழைப்பதும் தாப்பாவா?

இல்லை. அது 'வாய்மாய்'. ஹாங்காங்கின் ஙோய்மாயும் இதே எழுத்துகள்தான், ஆனால் பெருநிலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது வீட்டுக்கே சாப்பாடு கொண்டுவரும் மஞ்சள் சட்டை மெய்த்துவான் வண்டிக்காரர்களும், 2025 வரை 'அ ல ம' என்ற பெயரில் ஓடிய நீலச் சட்டைக்காரர்களும். இரண்டாவது நிறுவனத்தின் அந்தப் பெயருக்கே 'பசிக்குதா?' என்று பொருள். 2008இல் ஷாங்காய் மாணவர்கள் தொடங்கியது. அந்நாட்டில் 50 கோடிக்கும் மேற்பட்டோர் இணையத்தில் இப்படிச் சாப்பாடு வரவழைக்கிறார்கள்.

கொரோனாக் காலத்தில் எல்லாமே தாப்பாவ் ஆனதாமே?

சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 18 வரை உணவங்காடிகளில் உட்காரவே முடியாது. நாற்காலிகளுக்கு நாடா சுற்றிவிட்டார்கள். கட்டிக்கொண்டு போவது மட்டும்தான்.

ஹாங்காங்கில் அது இரண்டு நாளுக்கு மேல் தாங்கவில்லை. 2020 ஜூலை 29 அன்று நாள் முழுக்க உட்கார்ந்து சாப்பிடத் தடை போட்டார்கள். கட்டடத் தொழிலாளர்களும் துப்புரவுப் பணியாளர்களும் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நடைபாதையிலும் மழையிலும் குந்திச் சாப்பிடும் படங்கள் ஊரெங்கும் பரவின. 31ஆம் தேதியிலிருந்து பகல் தடையை நீக்கிவிட்டார்கள். புறாக்கூடு போன்ற அறைகளில் வாழும் ஊரில் 'வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சாப்பிடு' என்பது எல்லாருக்கும் பொருந்தாது. வீடு ஒரு மணிநேரத் தொலைவில் இருக்கிறவருக்கு மதியச் சோறு எங்கே?

மாலை நேரத் தடை பல மாதம் நீடித்ததில் ஒரு புதுக் கடைவகை தழைத்தது. இருபது முப்பது தட்டுகளில் கறி வகைகளைப் பரப்பி வைத்திருப்பார்கள். இரண்டைக் காட்டினால் சோற்றோடு பெட்டியில் போட்டுத் தருவார்கள். முறைப்படி பெயர் 'இரு கறிச் சோறு'. ஆனால் வாடிக்கையாளர் கண்ணாடியில் விரலை வைத்து 'இது, இது' என்பதால், ஹாங்காங் ஆங்கிலத்தில் 'திஸ் திஸ் ரைஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. சீனங்கலந்த ஆங்கிலத்தில் இதைவிட நேர்மையான பெயர் இன்னும் வரவில்லை என்பேன்.

கடையில் போய் நான் என்னதான் சொல்ல வேண்டும்?

சிங்கப்பூரில்: "ஆன்ட்டி, ஒன் சிக்கன் ரைஸ், தாப்பாவ்." ஆண் என்றால் அங்கிள். மலேசிய மாமாக் கடையில் அண்ணே போதும், பாஸ் என்றாலும் திரும்பிப் பார்ப்பார். சீனாவில் மேசையில் உட்கார்ந்தபடி: "ஃபூவூயுவென், தாப்பாவ்." முதல் சொல் பணியாளரைக் கூப்பிடுவது. ஹாங்காங்கில் வாங்கிப் போக ஙோய்மாய், மீந்ததற்குத் தாப்பாவ். சைவம் என்றால் எங்குமே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். கட்டிய பெட்டியை வீட்டில் திறந்த பிறகு உள்ளே உலர்ந்த இறால் கிடந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

சீன நண்பர் 'தின்ன முடியாவிட்டால் மடியில் கட்டிக்கொண்டு போ' என்று சொல்லிச் சிரித்தார். தாப்பாவ் பண்ணச் சொல்கிறாரா?

'ச்சிபுலியாவ் தோவ் ஜ ஸோ' என்று சொல்லியிருப்பார். நேர்ப்பொருள் அதுதான், ஆனால் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வது அபூர்வம். 'பின்விளைவை நீதான் சுமக்கணும்' என்கிற மிரட்டல் அது. மேசையில் மீந்த மீனைப் பார்த்துச் சொன்னார் என்றால் விளையாட்டு. மேலதிகாரி அலுவலகத்தில் சொன்னார் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

கணினிக்காரர்கள்கூட தாப்பாவ் என்கிறார்களே?

கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டி அனுப்புவதற்கும் சீனத்தில் அதே சொல். வீடு மாற்றும்போது சாமான் கட்டுவதும் அதேதான். "தாப்பாவ் பண்ணி அனுப்பு" என்று ஷென்ஜென் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தால் கோழிச்சோறு தேட வேண்டாம், ஸிப் கோப்பு போதும்.